சிஸ்டம் அக்கா எழுதின ‘நேத்து’

அந்த வானொலி நிலையத்தில் மிக அதிகமாக ஒலித்த இரண்டு வார்த்தைகள் எந்த நிகழ்ச்சியிலும் இடம்பெற்றதில்லை. “நான் இல்லை” என்பவைதான் அவை. பிரின்டரில் காகிதம் சிக்கிக் கிடந்தால், நான் இல்லை. ஸ்டுடியோ ஏசியை யாரோ பல் கிட்டும் அளவுக்கு வைத்துவிட்டுப் போயிருந்தால், நான் இல்லை. ஒலிபரப்புக் கணினியில் ஒரு ஃபைல் காணாமல் போனாலோ, அந்த அறைக்குள் கால் வைத்தவர்கள், வைக்காதவர்கள், அன்றைக்கு லீவில் இருந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, நான் இல்லை.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள் சிஸ்டம் அக்கா. அவள் உத்தியோகத்துக்குக் கணினிப் பொறுப்பாளர் என்று முறையான பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் அதைச் சொன்னதில்லை. நிலைய டைரக்டர் அவளைவிட வயதில் மூத்தவர்; அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் மேடம்.

அவளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. காலையில் ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்று மாலையில் வரிசை வரிசையாகத் தேடுகிறவள். ஆனால் மற்றவர்கள் மறந்துவிட்டேன் என்று சொன்னால் மட்டும் பொறுக்கவே மாட்டாள். தன் மறதி இயற்கை, பிறத்தியார் மறதி திமிர் என்பது அவள் கட்சி.

அவள் கணினியிடம் பேசுவது ஒரு கறுப்புத் திரையில். அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. கட்டளையை எழுத்தில் அடித்து என்டர் தட்டினால், சொன்னதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்த நிலையத்தில் வேறு யாரிடமும் காணக் கிடைக்காத குணம். அடித்ததையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வது இன்னொரு குணம். மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாகச் சொன்ன கட்டளை வரும். மறுபடி தட்டினால் அதற்கு முந்தினது. அப்படித் தட்டித் தட்டி அக்காவின் கீபோர்டில் அந்த அம்பு அழிந்தே போயிருந்தது. நிலையத்தில் எல்லோருக்கும் இதே திரைதான். ஆனால் ஞாபகம் அவரவர் கணக்குக்குத் தனித்தனி. பக்கத்து நாற்காலிக்காரர் என்ன அடித்தார் என்பது இந்த நாற்காலிக்குத் தெரியாது.

ஒரு நாள் வானிலை அறிக்கை இருந்த ஃபோல்டர் காணாமல் போய், அதைத் தொட்டதே இல்லை என்று முழு நிலையமும் சாதித்தபோது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, கட்டளைகளைக் கோத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒவ்வொருவர் கணக்கிலும் கிடக்கிற பழைய கட்டளைகளை வாரியெடுத்து, நேர வரிசையில் அடுக்கி, எப்போது, யார், என்ன என்று காட்டுவது அதன் வேலை. பெயர் ‘நேத்து’. முந்தாநாளையும் போன மாசத்தையும்கூட அது காட்டும். அதற்கெல்லாம் பொருத்தமாக ஒரு பெயர் யோசிக்க அவளுக்கு அலுப்பு.

மீட்டிங்கில் எல்லோருக்கும் அறிவித்துவிட்டுத்தான் அதை ஓடவிட்டாள். யாரும் எதிர்க்கவில்லை. யாருக்கும் புரியவில்லை என்பது அதற்குக் காரணம். முதல் வாரமே அறிவிப்பாளர் மாட்டினார். வீட்டில் உப்பு கேட்பதைக்கூடச் செய்தி வாசிக்கிற குரலில் கேட்கிற மனிதர் அவர்.

“வானிலை ஃபோல்டரை நான் தொடவே இல்லை அக்கா.”

“வியாழக்கிழமை மத்தியானம் நீங்கதான் அழிச்சிருக்கீங்க. இதோ பாருங்க.”

அவர் திரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “கிடைத்துள்ள தகவல்களின்படி, என் கை பட்டிருக்கலாம்.”

அக்காவுக்கு அன்று சாப்பாடு தனி ருசியாக இருந்தது. சாட்சி கையில் இருக்கிறது, இனி ஒருத்தரும் தப்ப முடியாது என்று நினைத்தாள். சாட்சி சொல்ல வருகிறவன் தன்னைக் கூட்டிவந்தவருக்குச் சாதகமாகத்தான் சொல்வான் என்று அவளுக்கு யார் உத்தரவாதம் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை நிலையம் பேசவில்லை.

ஞாயிறன்று தலைமை அலுவலகத்தின் நிகழ்ச்சியே நேராக வரும்; மற்ற நாட்களில் ஒலிபரப்பு ஒரு சின்ன இசையோடு தொடங்கும். வீணையும் குழலுமாக, நிலையம் பிறந்த வருஷத்தில் பதிவு செய்தது. அது முடிந்ததும் அறிவிப்பாளர் வணக்கம் சொல்ல வேண்டும். அன்று கணினி அந்த ஃபைலைத் தேடியது; கிடைக்கவில்லை; கிடைக்காததை யாரிடமும் சொல்லாமல் அப்படியே நின்றுவிட்டது. அறிவிப்பாளர் மைக்குக்கு முன்னால் டீயோடு காத்திருந்தார்.

“ஏங்க, டியூன் வரலைன்னு தெரியலையா உங்களுக்கு?” என்று பிற்பாடு அக்கா கேட்டாள்.

“டியூன் முடிந்ததும் பேச வேண்டும் என்பது விதி. அது ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பிக்காதது எப்படி முடியும்?”

அக்கா ஓடிவந்து தேடினாள். டியூன் பரணில் இருந்தது. பரண் என்று அவர்கள் சொன்னது பழைய நிகழ்ச்சிகளைப் போட்டுவைக்கிற தனி டிஸ்க்கை. அங்கிருந்து இறக்கி, இருந்த இடத்தில் வைத்ததும் நிலையம் வாய் திறந்தது. அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டருக்கு போன் வந்துவிட்டது. நேயர்களில் சிலர் ரேடியோவைத் தட்டிப் பார்த்து, பேட்டரி மாற்றி, கடைசியில் சொந்தக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்களாம்.

டியூனை யார் பரணுக்கு அனுப்பியது? கேட்கவே வேண்டாம். நான் இல்லை. அறிவிப்பாளர் இல்லை. நிகழ்ச்சி வரிசை போடுகிற ரிப்பன் சார் கும்பிடாத குறையாக, “நம்ம டியூனை நான் எதுக்கும்மா எடுக்கப்போறேன்? அதைக் கேட்டுத்தானே இத்தனை வருஷம் கையெழுத்துப் போடுறேன்?” என்றார். அக்கா பதற்றப்படவே இல்லை. ‘நேத்து’ என்று அடித்தாள். வந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் அச்செடுத்து, நேராகப் போய் டைரக்டர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். அந்த ஒரு காரியத்துக்காக அவள் பிற்பாடு தன்னைத் திட்டிக்கொண்ட அளவுக்கு வேறு யாரும் அவளைத் திட்டியிருக்க மாட்டார்கள்.

அரைமணியில் டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

“வாங்க மேடம். உட்காருங்க.”

மேடம் என்றதும் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“இது நீங்க குடுத்த காகிதம்தானே?”

“ஆமா சார்.”

“சனிக்கிழமை யார் பேர் இருக்கு?”

“என் பேர். டிஸ்க்ல இடம் இருக்கான்னு பார்த்தேன்.”

“ஞாயித்துக்கிழமை?”

“யாரும் இல்லை.”

“திங்கக்கிழமை?”

“அதுவும் என் பேர் சார். டியூனைத் திருப்பி வெச்சேன்.”

“வேற யாராவது?”

“அறிவிப்பாளர் ஒரு தடவை தேதி பார்த்திருக்கார்.”

“தேதி பார்த்தா டியூன் போயிடுமா மேடம்?”

“போகாது சார்.”

“அப்போ?” டைரக்டர் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். “இது உங்க சாட்சி. நான் தயார் பண்ணினது இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற காரணம் தெரியணும். இல்லேன்னா திங்கள்லேர்ந்து நீங்க டவர்.”

டவர் என்பது ஊருக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி, பொட்டல் வெளியில் நிற்கிற ஒலிபரப்புக் கம்பம். அதன் காலடியில் ஒரு அறை. அறையில் ஒரு மீட்டர், அதில் ஒரு முள். முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் உத்தியோகம். போன ஆட்கள் யாரும் முழு மனிதர்களாகத் திரும்பி வந்ததாகப் பேச்சில்லை. ஒருத்தர் முள்ளோடு பேச ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி.

தன் அறைக்கு வந்ததும் அக்கா கதவைச் சாத்தினாள். கறுப்புத் திரையைத் திறந்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு வைத்தியம் உண்டு. கட்டளைக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் தட்டினால், அந்த வரியைக் கணினி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளாது. பாஸ்வேர்டு மாதிரி ரகசியங்களுக்காக யாரோ புண்ணியவான் செய்துவைத்த ஏற்பாடு. அக்கா அதை வேறு காரியத்துக்கு வைத்திருந்தாள். ஸ்பேஸ் பாரைத் தட்டி, ஆங்கில எழுத்தில் ‘எருமை’ என்று அடித்து, என்டரை ஓங்கிக் குத்தினாள்.

அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது கணினி.

“இருக்கு. பக்கத்து ரூம்லயே இருக்கு” என்று முணுமுணுத்துவிட்டு, மறுபடி ஸ்பேஸ், மறுபடி எருமை. நெஞ்சுக் கனம் கொஞ்சம் இறங்கியது. ‘நேத்து’க்கு இதெல்லாம் தெரியாது. பிறத்தியார் செய்வது ஒரு வரி விடாமல் பதிவாக வேண்டும் என்று ஸ்கிரிப்ட் எழுதினவளுக்கு, தன் வரிக்கு மட்டும் திரை கட்டிக்கொள்வதில் ஒரு முரண்பாடும் தெரிந்ததில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனால் ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது.

“என்னங்க, இதைத் திறந்து போட்டது யாரு?”

“நான் இல்லை” என்றார் கணவர், தலையைத் தூக்காமல். பள்ளியில் கணக்கு வாத்தியார். மேஜையில் விடைத்தாள் குவிந்திருந்தது.

“நானும் இல்லைம்மா” என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. கேள்வியே அவளுக்குப் போகவில்லை. பதில் மட்டும் தயாராக இருந்தது.

“சரி. ஃப்ரிட்ஜ் தானாத்தான் காத்து வாங்க வெளியே வந்திருக்கு!” அக்கா கதவை அறைந்து சாத்தினாள். “ஆபீஸ்லயும் இதே பாட்டு, வீட்லயும் இதே பாட்டு. நான் ஒருத்திதான் இந்த உலகத்துல எதையோ செஞ்சுட்டிருக்கேன். மத்தவங்க எல்லாரும் சும்மா வேடிக்கை பார்க்கிறாங்க.”

“டவர்ல ஃப்ரிட்ஜ் இருக்காம்மா?” என்றாள் மகள், அறைவாசலில் வந்து நின்று. காலையிலேயே போனில் விஷயம் தெரிந்திருந்தது அவளுக்கு.

“உன் நாக்கை ஃப்ரிட்ஜ்ல வைக்கப்போறேன் பாரு.”

கணவர் சிவப்பு பேனாவை மூடினார். “யார் மேலயாவது உனக்குச் சந்தேகமா?”

“ரிப்பன் சார் மேல இருந்துச்சு. ஆனா எப்படிச் சொல்றது? ‘நேத்து’ல அந்த மனுஷன் பேரே இல்லை. இந்த வாரம்னு இல்லைங்க, போன மாசம் இல்லை, அதுக்கு முந்தியும் இல்லை. நான் ஸ்கிரிப்ட் எழுதின நாள்லேர்ந்து ஒத்தை வரி கிடையாது. ஆனா அவர் கீபோர்டைப் போட்டு உடைக்கிற சத்தம் என் ரூம்வரைக்கும் கேக்குது.”

“நாள் முழுக்க எழுதுறார், தாள் மட்டும் வெள்ளை.”

“அதான்!”

“என் கிளாஸ்ல ஒரு பையன் அப்படித்தான். பரீட்சை முடியறவரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம எழுதினான். வெள்ளைத்தாள் குடுத்தான். எழுதவே இல்லைன்னு அவனை அடிக்கப்போயிட்டேன். பார்த்தா, பேனால மை இல்லை. பக்கம் முழுக்கப் பள்ளம் பள்ளமா இருந்துச்சு.”

அக்கா அவரையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் வகுப்புக் கதை சொல்லி உருப்படியாக ஒரு பிரயோஜனமும் நடந்ததில்லை.

“அந்தப் பையனுக்கு மார்க் போட்டீங்களா?”

“பள்ளத்துக்கு எப்படி மார்க் போடறது?”

மறுநாள் காலை ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ரிப்பன் சார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ரிப்பன் சார் அந்த நிலையத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவர். தட்டச்சு இயந்திரங்களைத் தூக்கிப் போட்டபோது அவரையும் சேர்த்துத் தூக்கிப் போட விதி இடம் கொடுக்கவில்லை. கணினி முன்னால் உட்காரவைத்தார்கள். பெயர் மட்டும் பழைய இயந்திரத்தின் மை நாடாவோடு ஒட்டிக்கொண்டது. கீபோர்டை அவர் தொடுவதில்லை, தாக்குவார். மாதத்துக்கு ஒன்றாக எழுத்துகள் பெயர்ந்து விழும்.

“என்னம்மா, காவலா?” என்றார். குரலில் லேசான மனத்தாங்கல்.

“இல்லை சார். சும்மா பார்க்கலாம்னு.”

“பாருங்க. நான் மறைச்சு வேலை செய்யறவன் இல்லை.”

நிமிர்ந்து உட்கார்ந்தார். மணிக்கட்டை உயர்த்தினார். பத்து விரலும் இறங்குவதற்கு முன்னால், பாடுகிறவர் தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல, வலது கட்டைவிரல் மட்டும் தனியாக இறங்கி ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டியது. அப்புறம்தான் கட்டளை தொடங்கியது. அடுத்த வரி. மறுபடி கட்டைவிரல், மறுபடி ஒரு தட்டு.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

“சார்! ஆரம்பத்துல எதுக்கு ஸ்பேஸ் தட்டறீங்க?”

“ஸ்பேஸா? நானா?” என்றார் ரிப்பன் சார். “நான் இல்லை.”

“இப்பத்தான் சார் தட்டினீங்க! என் கண் முன்னாடி!”

அவர் தன் கட்டைவிரலை, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “வரி தொடங்கும்போது இடம் விடணும்மா. எங்க தட்டச்சு மாஸ்டர் பிரம்போட பின்னாடியே நிப்பார். இடம் விடாம அடிச்சா, வெளியே போன்னுடுவார். எழுதறதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

“ஒரு தடவை இடம் விடாம அடிங்களேன்.”

முயற்சி செய்தார். கட்டைவிரல் தட்டியது. சங்கடமாகச் சிரித்துவிட்டு மறுபடி முயற்சி செய்தார். மறுபடி தட்டியது. மூன்றாம் முறை இடது கையால் வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். அடிக்க விரல் போதவில்லை. கடைசியில் அக்காவே அந்தக் கட்டைவிரலைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்களால் தேதி கேட்கும் கட்டளையை அடித்தார். அந்த ஒரு வரி, ரிப்பன் சாரின் முதல் வரியாக, ‘நேத்து’வில் வந்து நின்றது.

“சனிக்கிழமை என்ன சார் செஞ்சீங்க?”

“சுத்தம் பண்ணினேன். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே? டிஸ்க் ரொம்பிடுச்சு, பழசையெல்லாம் பரண்ல ஏத்துங்கன்னு. நிகழ்ச்சி ஃபோல்டரை முடிச்சேன். கையோட பக்கத்து ஃபோல்டரையும் முடிச்சுட்டேன். இத்தனை வருஷத்துக்கு மேல் பழசு எல்லாம் போகட்டும்னு ஒரே வரி.” சொல்லிக்கொண்டே வந்தவர் முகம் சுருங்கியது. “நம்ம டியூன் எந்த வருஷம்மா?”

“இங்க இருக்கிறதுலயே அதுதான் சார் ரொம்பப் பழசு.”

ரிப்பன் சார் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அக்காவுக்குக் கோபப்பட வேண்டும் என்று இருந்தது. இந்த நாளுக்காக வாரக்கணக்காகச் சேர்த்துவைத்த கோபம். ஆனால் திட்டுவதற்கு வாய் திறந்தால், பிரம்போடு பின்னால் நிற்கிற ஆள் அவள்தான் என்று ஆகிவிடும்போல இருந்தது. எரிச்சல் போக இடமில்லாமல் அவளிடமே தங்கிவிட்டது.

டைரக்டர் வந்தார். கட்டைவிரலை நேரில் பார்த்தார். மூன்று முறை தட்டவைத்து, மூன்று முறையும் காகிதத்தில் வரவில்லை என்பதைச் சரிபார்த்தார். “அப்போ சரி அக்கா. டவர் வேண்டாம்” என்றார். ரிப்பன் சாரையும் ஒன்றும் சொல்லவில்லை. டவரில் முள்ளைப் பார்க்கிறவர் ஏதாவது அடிக்க வேண்டி வந்தால் என்ன ஆவது என்று யோசித்திருக்கலாம்.

ஆனால் டைரக்டர்கள் ஒரு நல்ல காரியத்தை அத்தோடு விட்டுவிடுவதில்லை.

“இந்த ஸ்பேஸ் ஓட்டையை அடைச்சிருங்க. எல்லாருக்கும். இனிமே யார் எப்படி அடிச்சாலும் வரணும். தினமும் காலைல ‘நேத்து’ அச்செடுத்து என் மேஜைக்கு வந்துடணும்.”

அடைப்பதற்கு ஒரு வரி போதும். அந்த வரியை அடித்துவிட்டு என்டருக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு அக்கா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ரிப்பன் சாரின் ஓட்டையை அடைத்தால் தன் ஓட்டையும் அடைபடும். வேறு வழியில்லை. தட்டினாள். பெரிய தியாகம் செய்த பெருமையோடு அன்று வீட்டுக்குப் போனாள்.

வாரக்கடைசியில் டைரக்டர் ஒரு குறிப்பு அனுப்பினார். ‘நேத்து’ காகிதத்தில் எழுத்து சின்னதாக இருக்கிறதாம். வரிகளுக்கு நடுவே கோடு வேண்டுமாம். ஓரத்தில் நிலையத்தின் சின்னம் இருந்தால் நன்றாக இருக்குமாம். அக்கா குறிப்பைக் கசக்கினாள். கதவைச் சாத்தினாள். கறுப்புத் திரை. கட்டைவிரல் தானாக இறங்கி ஸ்பேஸைத் தட்டியது. எருமை. என்டர்.

அப்படி ஒரு கட்டளை இல்லை என்று கணினி சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அழிக்கலாம், ஒரு வரியில் அழிக்கலாம். ஆனால் அழிக்கிற கட்டளையும் அடுத்த வரியாக வந்து உட்காரும். அதையும் அழித்தால், அதை அழித்தது. யாரும் எதையும் மறைக்கக் கூடாது என்று அவள் தானே பார்த்துப் பார்த்து எழுதின ஸ்கிரிப்ட். முதல்முறையாக அதன் வேலைச் சுத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை காகிதம் டைரக்டர் மேஜைக்குப் போனது. கூப்பிட்டு அனுப்பினார். போனால், ரிப்பன் சார் ஏற்கெனவே அங்கே நிகழ்ச்சிப் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார். டைரக்டர் காகிதத்தைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார். பெயர்கள் இருந்த ஓரம் அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

“எருமைன்னா என்ன கட்டளை அக்கா?”

“அப்படி ஒரு கட்டளை இல்லை சார்.”

“இல்லாததை யார் அடிச்சது?”

அவள் வாயில் பதில் தயாராக இருந்தது. சர்வீஸ் முழுக்கக் கேட்டது, வீட்டில் கேட்டது. இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டு நின்றால் போதும், உலகம் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும் என்பதை அத்தனை பேரும் அவளுக்கு நிரூபித்திருந்தார்கள்.

அவள் தயங்கியதைப் பார்த்துவிட்டு டைரக்டரே முடிவுக்கு வந்தார். ரிப்பன் சார் பக்கம் திரும்பினார். “உங்க விரல்தானே? அதுதான் தானா எதையாவது அடிக்குதாமே.”

ரிப்பன் சார் ஒரு நிமிஷம் தன் கட்டைவிரலைச் சந்தேகமாகப் பார்த்தார். சனிக்கிழமை விஷயம் தெரிந்த பிறகு அவருக்கு அதன்மேல் நம்பிக்கை போயிருந்தது. “இருக்கலாம் சார்” என்று ஆரம்பித்தார்.

“நான்தான்” என்றாள் அக்கா. எரிச்சலில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “நான்தான் சார் அடிச்சேன். சின்னம் கேட்டு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சுட்டு அடிச்சேன்.”

அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தையை யாரும் அதற்கு முன் உச்சரித்ததில்லை. டைரக்டர் கட்டைவிரலை நகர்த்தி, பெயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “நான் இல்லை” என்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். அதற்கு விசாரணை உண்டு, கெடு உண்டு, டவர் உண்டு. இதற்கு என்ன உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

காகிதத்தை மெதுவாகக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

“சின்னம் வேண்டாம்” என்றார். “நீங்க போகலாம், மேடம்.”